பையைக் கையில் வாங்கமுன் சொல்லவேண்டிய சொல்

திருகோணமலை டவுனுக்குள், டச்பே கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. முன் விறாந்தையில் கால் மெசின் போட்டு சாறிச் சட்டை தைக்கிறேன். இருபத்திரண்டு வருடத் தொழில். இதில் “ஏலாது” என்று சொல்லத் தெரிந்தது கடைசி மூன்று நாலு வருடமாகத்தான். அதை எப்படிச் சொல்வது என்று தையல்காரியின் கணக்கில் சொல்கிறேன். ரீச்சரோ, கடை நடத்துகிறவரோ, வீட்டில் இருக்கிறவரோ, உங்கள் வேலைக்கு ஏற்ற மாதிரி அளவு மாற்றிக்கொள்ளுங்கள்.

2022 பங்குனி, சித்திரையில் நடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். மற்றவர்களின் கரண்ட் மெசின்கள் நிற்க, என் கால் மெசின் ஓடியது. வருடப்பிறப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஊராரின் தைக்கிற துணிப் பைகள் முழுக்க என் விறாந்தையில். யாருக்கும் நான் ஓம் சொல்லவில்லை. எல்லாருக்கும் “பாப்பம்” என்றுதான் சொன்னேன். ஒரு தாய், மகளின் சாமத்திய வீட்டுக்கு வெண்பட்டுச் சட்டைக்குத் துணி கொண்டுவந்தா. அவவுக்கும் “பாப்பம்”. இரவு பதினொரு மணிக்கு சார்ஜ் லைட் மங்கிக்கொண்டு வர, ஊசி இடது கை ஆட்காட்டி விரல் நகத்துக்குள்ளால் இறங்கி நூலோடு நின்றது. சில்லைக் கையால் பின்னுக்குச் சுற்றித்தான் ஊசியை எடுத்தேன். பட்டில் ஒரு சொட்டு இரத்தம். காயமுன் பச்சைத் தண்ணீர் வைத்து ஒற்றியதால் கறை போனது. சட்டை மட்டும் சொன்ன நாளுக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளை தமக்கையின் சட்டையை இழுத்துப் பிடித்து ஊசி குத்திக்கொண்டு மணவறையில் இருந்ததாம். அந்தத் தாய் என்னை ஏசவில்லை. “நீங்கள் அண்டைக்கே ஏலாது எண்டு சொல்லியிருந்தால் வேற இடம் பாத்திருப்பன், அக்கா” என்று மட்டும் சொன்னா.

அதனால் முதல் வேலை, “பாப்பம்” என்ற சொல்லை விடுவது. சொல்கிற நமக்கு அது அரைவாசி “ஏலாது”. கேட்கிறவருக்கு முழு “ஓம்”. மனம் நோகக்கூடாது என்று சொல்லி, அவர் வேறு ஆள் தேடுகிற நாட்களைப் பறித்து வைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, உங்கள் கொள்ளளவை எண்ணால் அறிவது. லைனிங் போட்ட சட்டை ஒன்றுக்கு, வெட்டுவதிலிருந்து கொக்கி தைப்பது வரை எனக்கு மூன்று மணித்தியாலம். ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள்: 30 மணித்தியாலம், பத்துச் சட்டை. கொப்பியில் பத்துக் கோடு போட்டு எட்டைத்தான் நிரப்புவேன். மிச்சம் இரண்டு, காய்ச்சலுக்கும் செத்தவீட்டுக்கும். எட்டும் நிரம்பினால் மறுக்கிறது நான் இல்லை, கொப்பி. வருகிறவருக்கு அதைத் திறந்தே காட்டுவேன். முகம் சுளித்தவர்கள் குறைவு.

எண்ண முன், எதற்காக இடம் விடுகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். சும்மா “எனக்கு நேரம் வேணும்” என்று வைத்த நேரம் நிற்காது, அடுத்த பை வந்து அதில் குந்திவிடும். என்னுடையது பின்னேரம் ஐந்து மணி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவது. அவவுக்கு எழுபத்தெட்டு, முழங்கால் நோ. கச்சான் வாங்கி மணலில் இருப்போம். கோட்டைப் பக்கத்து மான் ஒன்றிரண்டு வந்தால் வாழைப்பழத் தோல் கொடுப்பா. அதைக் கலண்டரில் ஒவ்வொரு நாளும் சிவப்புப் பேனையால் “அம்மா” என்று எழுதியிருக்கிறேன். அந்த எழுத்தின்மேல் வேறொருவரின் பெயரை எழுதக் கை வராது.

இனிச் சொல்கிற விதம். “மாட்டன்” வேண்டாம், அது ஆளைத் தள்ளும். “ஏலாது” என்பது நிலைமையைச் சொல்லும். அதோடு எப்போது ஏலும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்: “இந்தக் கிழமை ஏலாது தங்கச்சி, வாற புதன் தாறன்.” அவ்வளவும் ஒரே மூச்சில், பையைக் கையில் வாங்கமுன். அளவுச் சட்டை கைக்கு வந்துவிட்டால் வாய் என்ன சொன்னாலும் வேலை நம்முடையதுதான். நான் மெசினை விட்டு எழும்பி வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவேன்.

காரணம் அடுக்காதீர்கள். “அம்மாவுக்குச் சுகமில்லை” என்றால் “நான் வந்து பாக்கிறன், நீ தை” என்பார்கள். பொய்க்காரணம் இன்னும் மோசம். இது சின்ன டவுன், காலையில் சொன்ன பொய் பின்னேரம் மார்க்கெட்டில் எதிரே வரும். சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். அந்த அமைதி கனமாக இருக்கும். அதைத் தாங்கமுடியாமல் “சரி, வைச்சிட்டுப் போங்கோ” என்று நான் சொன்ன நாட்கள் எத்தனையோ.

சொந்தத்தில் மூத்தவர்களுக்கு வாசலில் வைத்து மறுக்கக் கூடாது. மாமி கேட்பா என்று தெரிந்தால், அவ கேட்கமுன் நானே போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டு, “மாமி, தீபாவளிக்கு ரெண்டு சட்டைதான் ஏலும், எந்த ரெண்டு?” என்று கேட்பேன். தெரிவு அவவின் கையில். சங்கங்களுக்கும் இதே வழி. கோயில் மாதர் சங்கத்தில் பொருளாளராக இருக்கச் சொன்னார்கள். ஏலாது என்றேன். அதற்குப் பதில், சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரமுன் ஒரு திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். எல்லை தெரிந்த வேலை, மனதாரச் செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து நடுச்சாமத்தில் வருகிற போன்களுக்கு, ஞாயிறு காலை எடுக்கிறேன் என்று வொய்ஸ் போட்டுவிட்டேன், சரியாகிவிட்டது.

மறுக்கக் கூடாதவையும் உண்டு. செத்தவீடு, பிள்ளைப்பேறு, பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாத நாள். மற்றதுக்கெல்லாம் ஏலாது சொல்வதே இதுகளுக்கு ஓடிப்போகக் கால் இருக்கவேண்டும் என்றுதான்.

மனம் நோகும், நோகாது என்று சொல்லமாட்டேன். என் ஒன்றுவிட்ட தங்கச்சி இரண்டு மாதம் கதைக்கவில்லை. நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கும். ஆனாலும் அன்று ஓம் சொல்லியிருந்தால் அவவின் சட்டையும் அரைகுறையாகத்தான் போயிருக்கும்.

நேற்று ஐந்து மணிக்கு மெசினை மூடி, அம்மாவுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேற்றில் ஒரு பிள்ளை. “அக்கா, வியாழனுக்கு ஏலுமோ?” “ஏலாது குஞ்சு, திங்கள் தாறன்.” ஒரு கணம் நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் மற்றக் கையைப் பிடித்து ஒழுங்கை முடியும் வரை எங்களோடு நடந்து வந்தாள்.