செட்டில்மென்ட் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடத்தின் பாரத்தால் அடிமண் எவ்வளவு அமிழும் என்று பார்ப்பதுதான் செட்டில்மென்ட் கணக்கு. அதில் கூட்டல் பிழையும் அலகுப் பிழையும் சரிபார்ப்பில் சிக்கிவிடும். கணக்கு சரியாக இருந்தும் விடை தப்பும் இடங்கள் வேறு.

எல்லாக் களிமண்ணுக்கும் ஒரே இண்டெக்ஸ்

லிக்விட் லிமிட்டில் (களிமண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர சதவீதம்) 10-ஐக் கழித்து 0.009-ஆல் பெருக்கினால் கம்ப்ரஷன் இண்டெக்ஸ், அதாவது பாரத்தில் மண் எவ்வளவு இறுகும் என்பதற்கான எண். புதியவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். இன்றுள்ள பாரத்துக்கு மேல் என்றுமே சுமக்காத களிமண்ணுக்குத்தான் இது பொருந்தும். மேல்மண் அரிக்கப்பட்டோ, நிலத்தடி நீர் ஒருகாலத்தில் இறங்கியோ, வெயிலில் காய்ந்தோ முன்பே இறுகிய களிமண், அந்தப் பழைய அழுத்தத்தைத் தாண்டும்வரை கொஞ்சமாகத்தான் அமிழும். அதுவரை, முன்பே இறுகிய மண்ணுக்கான ரீகம்ப்ரஷன் இண்டெக்ஸ்தான் செல்லும். அது வழக்கமாக கம்ப்ரஷன் இண்டெக்ஸில் ஐந்தில் ஒன்று முதல் பத்தில் ஒன்று.

4 மீ களிமண் அடுக்கு, வெற்றிட விகிதம் (மண் துகள்களின் கன அளவுக்கு இடைவெளிகளின் விகிதம்) 0.9, லிக்விட் லிமிட் 43 என்று வையுங்கள். இண்டெக்ஸ் 0.30. அடுக்கின் நடுவில் இப்போதைய அழுத்தம் 60 கிலோபாஸ்கல், கட்டடம் சேர்ப்பது 40.

4 × 0.30 ÷ (1 + 0.9) × லாக்₁₀(100/60) = 0.140 மீ

அதாவது 140 மி.மீ. பிளாஸ்டிக் களிமண்ணில் (பிசையக்கூடிய ஈரக் களிமண்) ராஃப்டுக்கு (கட்டடம் முழுவதற்கும் ஒரே பலகையான அஸ்திவாரம்) அஸ்திவாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904 அனுமதிப்பது 100 மி.மீ. உடனே பைல் (ஆழத்தில் இறக்கும் கம்ப அஸ்திவாரம்) போடச் சொல்லிவிடுவார்கள்! அதே மண் முன்பு 120 கிலோபாஸ்கல் சுமந்திருந்தால், ரீகம்ப்ரஷன் இண்டெக்ஸ் 0.05-க்கு அமிழ்வு வெறும் 23 மி.மீ. 80 மட்டுமே சுமந்திருந்தால் 80 வரை சின்ன இண்டெக்ஸ், அதற்குமேல் பெரியது: 13 + 61 = 74 மி.மீ. பைலுக்கான செலவு முழுக்க பழைய அழுத்தம் என்ற அந்த ஒரு எண்ணைக் கேட்காததால் வருவது.

பழைய அழுத்தத்தை கன்சாலிடேஷன் சோதனையின் (மண் மாதிரியைப் படிப்படியாக அழுத்திப் பார்ப்பது) வளைவிலிருந்து காசாகிராண்டே வரைபட முறையில் எடுங்கள். பாரத்தை இறக்கி மீண்டும் ஏற்றும் ஒரு சுற்றையும் லேபில் கேட்டு வாங்குங்கள். ரீகம்ப்ரஷன் இண்டெக்ஸை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், முதல் ஏற்றத்திலிருந்து அல்ல. தடித்த சுவர்க் குழாயில் எடுத்த மாதிரி கலங்கியிருக்கும். வளைவின் திருப்பம் மழுங்கி, பழைய அழுத்தம் குறைவாகத் தெரியும். மெல்லிய ஷெல்பி குழாய் தேவை. மண்ணின் இயற்கை ஈரம் பிளாஸ்டிக் லிமிட்டை (மண் பிசைய வரும் குறைந்தபட்ச ஈரம்) ஒட்டியிருந்தால், அது முன்பே இறுகிய மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிளேட் லோடு டெஸ்ட்டை மட்டும் நம்புவது

இந்த டெஸ்ட்டில் மண்மேல் ஒரு இரும்புப் பிளேட்டை வைத்துப் பாரம் ஏற்றி அமிழ்வை அளக்கிறார்கள். 30 செ.மீ. பிளேட்டின் அழுத்தம் சுமார் 60 செ.மீ. ஆழத்தோடு தேய்ந்துவிடும், 2 மீ ஃபுட்டிங்கினுடையது (தூணின் அடிப்பாதம்) 4 மீ வரை போகும். 3 மீட்டரில் சேறு போன்ற களிமண் இருந்தாலும் டெஸ்ட் பாஸ்தான். நீர் வெளியேறி ஆண்டுக்கணக்கில் நடக்கும் அமிழ்வும் அதில் தெரியாது.

தோண்டிய மண்

அஸ்திவாரத்துக்காகத் தோண்டி எடுத்த மண்ணின் எடையைக் கட்டடம் சேர்க்கும் அழுத்தத்திலிருந்து கழியுங்கள்: 1.5 மீ ஆழம் × கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் = 27 கிலோபாஸ்கல்.

மணலில் நீர்மட்டம்

கணக்குக்கு எடுக்க வேண்டியது மழைக்கால நீர்மட்டம்தான், மே மாதத்தில் துளையிட்ட போர்ஹோலில் கண்டது அல்ல.

மொத்த அமிழ்வோடு நிறுத்துவது

எல்லாத் தூணும் 40 மி.மீ. சமமாக இறங்கினால் சுவர் விரிசல் விடாது. தனி ஃபுட்டிங் கொண்ட ஆர்.சி.சி. கட்டடத்தில் பக்கத்துத் தூண்களுக்கிடையே அமிழ்வு வேறுபாட்டுக்கு அனுமதி, தூண் இடைவெளியில் 0.0015 மடங்கு. 4 மீட்டருக்கு 6 மி.மீ. மட்டுமே.