எண்ணெய் ஊறிய பனித்தடுப்புப் பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலோகத்தில் பனி ஒட்டாமல் இருக்க எண்ணெய் ஊறிய பூச்சு செய்யும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரே வீடியோவைத்தான் அனுப்புகிறார்கள். லேசாகச் சாய்த்த அலுமினியத் தகடு, அதில் ஒரு சொட்டு நீர், அது வழுக்கி ஓடுகிறது. நானும் ஒரு காலத்தில் அதே வீடியோவை எடுத்து ஊரெல்லாம் காட்டியவன்தான். கையுறை போடுங்கள் என்பது போன்றவற்றையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

கெண்டிச் செடியின் விளிம்பில் பூச்சி வழுக்கி விழுவதைப் பின்பற்றி, ஹார்வர்டில் ஜோஆனா ஐசன்பெர்க் குழு 2011-இல் வெளியிட்ட யோசனை இது. உலோகத்தில் நுண்ணிய சொரசொரப்பை உண்டாக்கி அதில் எண்ணெயை ஊற வைத்தால், பனி உலோகத்தைத் தொடாமல் எண்ணெய் மேல் உட்காரும். அடுத்த ஆண்டே அலுமினியத்தில் பனியின் பிடிமானம் 15 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கியதைக் காட்டினார்கள். வெறும் அலுமினியத்தில் அது பல நூறு கிலோபாஸ்கல்.

முதல் அளவீட்டை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். லேசரால் நுண்பள்ளங்கள் போட்ட தகட்டில் சிலிகோன் எண்ணெய் பூசினேன். முதல் முறை உறைய வைத்தபோது விரல் பட்டதும் பனிக்கட்டி நகர்ந்தது. அந்த அளவீட்டை வைத்து அறிக்கையும் எழுதிவிட்டேன். அப்புறம் ஈரப்பதமான காற்றில் உறைபனி படியவிட்டு, உருக்கி, மறுபடி படியவிட்டேன். பத்தாவது சுற்றில் பனியைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. உருகிய நீரைப் பார்த்தால் மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. தகட்டை எடை போட்டிருந்தால் மூன்றாவது சுற்றிலேயே தெரிந்திருக்கும். நான் போடவில்லை. நான்கு மாத வேலை போயிற்று.

நடந்தது என்ன? உறைபனி என்பது ஊசி ஊசியான படிகங்களின் காடு. அவற்றின் இடுக்குகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, பள்ளத்தில் இருக்கும் எண்ணெயை மேலே இழுத்துவிடும். ரிக்காசெவ்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு இதை 2013-இல் நுண்ணோக்கியில் காட்டியது. பனி உருகி ஓடும்போது எண்ணெயும் கூடவே போகும். அடுத்த முறை நீர் பள்ளத்துக்குள் இறங்கி உறைந்தால், பனி உள்ளேயே கவ்விக்கொள்ளும். அப்போது வழவழப்பான வெறும் தகடே மேல்.

முதல் எண் அழகாக வருவதற்கு இன்னொரு காரணம், மேலே மிதக்கும் உபரி எண்ணெய். அதனால் இப்போது தகட்டைச் சுழற்றி உபரியை நீக்கிய பிறகுதான் அளக்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எடை போடுகிறேன். குறைந்தது 20 சுற்று, அதுவும் உறைபனியோடு. நீரை ஊற்றி உறைய வைத்த கட்டியை மட்டும் தள்ளிப் பார்த்தால் இந்தக் குறை கண்ணில் படவே படாது. பள்ளங்கள் மைக்ரான் அளவில் இல்லாமல் நானோ அளவில் சீராக இருந்தால் எண்ணெயை இறுக்கிப் பிடிக்கும். அலுமினியத்தைக் கொதிநீரில் போட்டாலே அப்படியொரு படலம் வளரும். நான் செலவழித்த லேசர் நேரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. எண்ணெயை உள்ளேயே தேக்கி வைக்கும் சிலிகோன் ரப்பர் பூச்சும் ஒரு வழி. ஆனால் அதிலும் எண்ணெய் தீரும், மெதுவாக.

சிலேன் பூச்சு போடாமல் விடுவது

அலுமினிய ஆக்சைடுக்கு எண்ணெயைவிட நீர்தான் நெருங்கிய சொந்தம். எண்ணெயோடு ஒத்துப்போக வைக்கும் சிலேன் என்ற வேதிப்பூச்சு இல்லாவிட்டால் நீர் எண்ணெயைத் தள்ளிவிட்டு உள்ளே போய் உட்காரும்.

எண்ணெயின் பாகுத்தன்மை

மிக மெல்லிய எண்ணெய் ஆவியாகிவிடும். கெட்டியான எண்ணெய் குளிரில் இன்னும் கெட்டியாகும். அறை வெப்பத்தில் பார்த்த வழுக்கல் குளிரில் இருக்காது.

தள்ளும் முனையின் உயரம்

பிடிமானத்தை அளக்கப் பனிக்கட்டியை ஒரு முனையால் தள்ளும்போது, தகட்டை ஒட்டித் தள்ளுங்கள். மேலே தள்ளினால் கட்டி நெம்பிக்கொண்டு வரும், எண் பொய் சொல்லும்.

பழைய தகட்டில் புது எண்ணெய்

முதலில் கழுவுங்கள்.