நெட்வொர்க் டிரைவில் கிட் முரண்டு பிடித்தால்

ஒரே கிட் ரெப்போவை என்எஃப்எஸ் பகிர்வில் (பல கணினிகள் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் கோப்புறை) வைத்து இரண்டு கணினிகளிலிருந்து வேலை செய்தபோது வந்த சிக்கல்களும் அவை தீர்ந்த வழியும் இங்கே. கமிட், குளோன் வரை பழக்கம் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ரெப்போ எங்கே இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். கோப்புறைக்குள் போய் டிஎஃப் -டி . (டி பெரிய எழுத்து) கொடுங்கள். என்எஃப்எஸ்4 அல்லது சிஐஎஃப்எஸ் (எஸ்எம்பி பகிர்வு) என்று வந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

எதையும் தொடாமலே ஸ்டேட்டஸில் எல்லாக் கோப்புகளும் மாறியதாக வருகிறதா? டிஃப் பாருங்கள். பழைய மோட் 100644, புதிய மோட் 100755 என்று மட்டும் இருந்தால் மாறியது அனுமதிதான், உள்ளடக்கம் இல்லை. எஸ்எம்பி பகிர்வில் இது சகஜம். கிட் கான்ஃபிக் கோர்.ஃபைல்மோட் ஃபால்ஸ் கொடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது இன்டெக்ஸ்.லாக். அடுத்த கமிட்டுக்கு ஆட் செய்தவற்றைக் குறித்துவைக்கும் இன்டெக்ஸ் கோப்பை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாதபடி கிட் போடும் பூட்டு இது. என்னைப் படுத்தி எடுத்தது இதுதான். அந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி கமிட் நின்றுவிடும். எங்கே தேடினாலும் 'அழித்துவிடு' என்பார்கள். நான் பிஎஸ் (ஓடும் நிரல்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன், கிட் எதுவும் ஓடவில்லை, அழித்துவிட்டேன். ஆனால் பிஎஸ் காட்டுவது நாம் உட்கார்ந்திருக்கும் கணினியை மட்டும். பூட்டைப் போட்டது மற்ற கணினி. அங்கே ஒரு பெரிய கிட் ஆட் பாதியில் இருந்தது. அது கடைசியில் பிழை காட்டி நின்றது. நேரம் இன்னும் கெட்டிருந்தால் இன்டெக்ஸே சிதைந்திருக்கும்.

அதனால் முதலில் ஒரு நிமிடம் காத்திருங்கள். என்எஃப்எஸ் கோப்பு விவரங்களை இயல்பாக 60 நொடி வரை நினைவில் வைத்திருக்கும்; போய்விட்ட பூட்டும் இருப்பதுபோலத் தெரியலாம். அப்புறம் எல்எஸ் -எல் போட்டு அது யாருடையது, எப்போது வந்தது என்று பாருங்கள். பகிர்வை மவுண்ட் செய்துள்ள ஒவ்வொரு கணினியிலும் பிஎஸ் பாருங்கள். எங்குமே கிட் ஓடவில்லை என்றால் மட்டும் அழியுங்கள். (கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியல் தன் பூட்டிலேயே கணினியின் பெயரையும் ஓடும் நிரலின் எண்ணையும் எழுதிவைக்கும். இந்த விஷயத்தில் எனக்கு அதைத்தான் பிடிக்கும்.) இன்டெக்ஸ் ஏற்கெனவே சிதைந்திருந்தால் .கிட் கோப்புறைக்குள் இருக்கும் இன்டெக்ஸை மட்டும் அழித்து, கிட் ரீசெட் கொடுங்கள். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டேஜ் செய்ததை மட்டும் மறுபடி செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை: கோப்புறையின் உரிமையாளர் சந்தேகத்துக்குரியவர் என்று கிட் வேலை செய்ய மறுப்பதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். 2022இல் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து இந்தச் சோதனை இருக்கிறது. கிட்டின் சேஃப்.டைரக்டரி அமைப்பில் அந்த ஒரு கோப்புறையின் பாதையை மட்டும் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். இரண்டு கணினிகளிலும் பயனர் எண் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கலே வராது.

இப்போது நான் பகிர்வில் வேலை செய்வதில்லை. சர்வரில் ஒரு 'பேர்' (bare, வேலைக் கோப்புகள் இல்லாத) ரெப்போ, எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக புஷ், வேலையெல்லாம் சொந்த வட்டில். நீங்களும் மாறுவதானால், பழைய கோப்புறையை அழிக்கும் முன் கிட் ஸ்டாஷ் லிஸ்ட் பார்த்துவிடுங்கள். குளோன் செய்யும்போது ஸ்டாஷ் (கமிட் செய்யாமல் ஒதுக்கிவைத்த மாற்றங்கள்) கூடவே வராது.