பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்குமுன்: பட்ஜெட்டை விழுங்கும் தவறுகள்

ஆறேழு லட்ச ரூபாயோடு ஷோரூமுக்குப் போனால் அடக்கமான ஒரு புது ஹேட்ச்பேக் கிடைக்கும். அதே பணத்தோடு யூஸ்டு கார் சந்தைக்குப் போனால் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபியட்டின் அபார்த் புன்டோ, லீனியா டி-ஜெட், கொஞ்சம் வயதான ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (டிஎஸ்ஐ என்பது ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளின் டர்போ பெட்ரோல் எஞ்ஜின்) என்று வரிசையாகக் கண்ணில் படும். 180 பிஎஸ் (குதிரை சக்தி) பவர் உள்ள ஆக்டேவியா ஒரு புது வேகன்-ஆர் விலையில் நிற்பதைப் பார்த்தால் வண்டிப் பித்து உள்ள எவருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். எனக்கும் அந்தப் பித்து உண்டு. வாங்கவே வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நல்ல வண்டியைப் பிடித்து வருடக்கணக்கில் சந்தோஷமாக ஓட்டுகிறவர்களைத் தெரியும். ஆறே மாதத்தில் ஒர்க்‌ஷாப் மூலையில் நிறுத்திவிட்டு இஎம்ஐ மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களையும் தெரியும். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு எதை யோசித்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

கையில் உள்ள மொத்தத்தையும் வண்டிக்கே கொடுப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இது. ஏழு லட்சம் இருக்கிறது, அதனால் ஏழு லட்ச ரூபாய் வண்டியைப் பார்ப்போம் என்று கிளம்புவது. காரின் விலைதான் வருடா வருடம் இறங்குகிறது, பாகங்களின் விலை இறங்குவதில்லை. புதிதில் 20 லட்சத்தை ஒட்டி விற்ற காரின் சஸ்பென்ஷனும் பிரேக்கும், அது ஏழு லட்சத்துக்குக் கை மாறிய பிறகும் 20 லட்ச ரூபாய்க் காருக்கான விலையில்தான் கிடைக்கும்.

ஏழு லட்சம் பட்ஜெட் என்றால் வண்டிக்கு ஐந்து, மிஞ்சிப்போனால் ஐந்தேகால். மீதியைத் தொடாமல் வைத்திருங்கள். 17 இன்ச் சக்கரத்துக்கு நல்ல டயர் நான்கு மாற்றினாலே நாற்பதாயிரத்துக்குக் குறையாது. பிரேக் பேட், டிஸ்க், கண்ட்ரோல் ஆர்ம் புஷ், எஞ்ஜின் மவுன்ட், பேட்டரி எல்லாம் அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கை நீட்டும். பழைய ஓனர் விற்க முடிவெடுத்ததே அந்தச் செலவு வாசலில் வந்து நின்றதால்தான் இருக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்ஷூரன்ஸிலும் வித்தியாசம் உண்டு. 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, தனியார் காருக்கான ஒரு வருடத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய். அதைத் தாண்டினால் 7,897 ரூபாய், வரி தனி. 1.0 டிஎஸ்ஐ முதல் பிரிவில் வரும், 1.8 டிஎஸ்ஐ கடைசிப் பிரிவில் வரும். லோன் போட்டு வாங்குபவர்கள், யூஸ்டு கார் லோனுக்குப் புது காரைவிட வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

டெஸ்ட் டிரைவ் என்றாலே பலர் பைபாஸுக்குப் போய் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள். டர்போ இழுக்கிறது, முதுகு சீட்டில் ஒட்டுகிறது, மனசு அங்கேயே விழுந்துவிடுகிறது. வேகமாக ஓடும்போது இந்த வண்டிகள் குறையைக் காட்டிக்கொடுக்காது. ஊர்ந்து போகும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ (1.2 எஞ்ஜின்), வென்டோ டிஎஸ்ஐ, ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் ஆகியவற்றில் இருப்பது டிகியூ200 என்கிற ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இதிலுள்ள இரண்டு கிளட்சும் உலர் வகை, எண்ணெயில் மூழ்கியிருக்காது. கிண்டியிலோ மத்திய கைலாஷ் சிக்னலிலோ ஒவ்வோர் அடியாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடேறும், நம் வெயில் அதற்கு மேல். கிளட்சை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் கெட்டுப்போவதும் இந்த கியர்பாக்ஸில் உலகம் முழுக்கத் தெரிந்த குறை. மாற்ற நேர்ந்தால் செலவு லட்சத்தில் பேசும். ஆறு லட்சம் கொடுத்து வாங்கிய காருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நினைத்துப் பாருங்கள்.

இதைச் சோதிக்க அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு நெரிசலுக்குள் நுழையுங்கள். 'டி'யில் வைத்து, பிரேக்கை மெல்ல விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நகர விடுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி உதறுகிறதா? நிறுத்தப் போகும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு 'டக்' என்று இடிக்கிறதா? பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், அங்கே நடுங்கினால் கிளட்ச் முடியப் போகிறது. மீட்டரில் கியர் எழுத்து மின்ன ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஆக்டேவியா விஆர்எஸ் 230-இல் இருப்பது வேறு கியர்பாக்ஸ். ஆறு கியர், கிளட்ச் எண்ணெயில் ஓடும் வகை, சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியிருக்க வேண்டும். பில் கேளுங்கள். "மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சூடான எஞ்ஜினைப் பார்த்து ஏமாறுவது

போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க." போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஸ்கோடாவின் லாரா, பழைய சூப்பர்ப் போன்றவற்றின் 1.8 டிஎஸ்ஐ எஞ்ஜினில் டைமிங் செயின் டென்ஷனர் தேய்ந்திருந்தால், ஆறிக் கிடக்கும் எஞ்ஜின் உயிர்பெறும் முதல் இரண்டு மூன்று நொடிகளுக்குக் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு அடங்கிவிடும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்தால் அந்தச் சத்தம் உங்கள் காதுக்கு வரவே வராது. அதே எஞ்ஜின்களில் ஆயில் குடிக்கும் பழக்கமும் உண்டு. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பின்னால் ஒருவரை நிற்கவைத்து, ஒருமுறை ரெய்ஸ் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் வேண்டாம்.

அடுத்து ஸ்கேனர். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் குறைகளைப் படித்துக் காட்டும் சாதாரண புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் அந்த வண்டிகளுக்கான விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போவது இன்னும் நல்லது. பலர் ஸ்கேனரைச் செருகி, ஃபால்ட் கோட் எதுவும் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கோட் இல்லாததால் குறை இல்லை என்று ஆகிவிடாது. முந்தைய இரவு அழித்திருக்கலாம். கோட்களை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை ஈசியூ (எஞ்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) தனியாக எண்ணி வைக்கிறது, பெரும்பாலான ஸ்கேனர்கள் அதைக் காட்டும். கூடவே 'ரெடினஸ்' என்றொரு பகுதி உண்டு. அழித்த பிறகு ஈசியூவின் சுய பரிசோதனைகள் முடியும்வரை அதில் 'முடியவில்லை' என்றே இருக்கும்.

கோவையில் நண்பர் ஒருவருக்காக ஓர் ஆக்டேவியாவைப் பார்த்தோம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி, உள்ளே தோல் சீட் புத்தம் புதுசு, கோட் ஒன்றுகூட இல்லை. ஆனால் அழித்து இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. "எதற்காக அழித்தீர்கள்?" என்று கேட்டதற்கு விற்பவரிடம் பதில் இல்லை. நண்பருக்கு அந்த வண்டிமேல் அவ்வளவு ஆசை, இருந்தாலும் விட்டுவிட்டு வந்தோம்.

ஓடோமீட்டர் திருத்தம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சர்வீஸ் ரெக்கார்டும் மீட்டரும் ஒத்துப்போகின்றனவா, பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம் மீட்டருக்குப் பொருந்துகிறதா, டயர் ஓரத்தில் அச்சிட்ட நான்கு இலக்கம் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்) என்ன சொல்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

"ஸ்டேஜ் ஒன் பண்ணியிருக்கு சார்" என்பதைக் கூடுதல் லாபமாக நினைப்பது

ஸ்டேஜ் ஒன் என்பது ரீமேப், அதாவது பவரைக் கூட்ட எஞ்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது. ரீமேப் செய்த வண்டியை விற்பவர் அதற்குத் தனியாகக் காசு கேட்பார். நான் அதைக் கழித்துத்தான் பேசுவேன். காரணம் எளிமையானது. மேலே சொன்ன டிகியூ200 கியர்பாக்ஸ் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட டார்க் (எஞ்ஜினின் சுழற்றும் விசை) 250 நியூட்டன் மீட்டர். ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐயின் டார்க் கம்பெனியிலிருந்து வரும்போதே சரியாக 250. அதில் ரீமேப் போட்டால் கூடும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் கிளட்சின் ஆயுளிலிருந்து கழிகிறது. எஞ்ஜின் தாங்கலாம், கியர்பாக்ஸ்தான் பலி. விற்பதற்கு முன் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிடுபவர்களும் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்திருப்பது, எக்ஸாஸ்ட் நட்டுகளில் புது ஸ்பேனர் தடம், இன்டேக் குழாயில் வேறு கம்பெனி கிளாம்ப் எல்லாம் கதை சொல்லும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அம்சங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 182ஏ பிரிவில் அப்படி மாற்றிய ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்து கிளைம் போகும்போது அறிவிக்காத மாற்றங்கள் வேறு தலைவலி. சாலையில் உங்கள் வண்டியின் முழு வேகத்தையும் தேடுவதைவிட இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலோ கோவை செட்டிபாளையத்து கரி ஸ்பீட்வேயிலோ ட்ராக் டே நடக்கும்போது போய் ஓட்டிப் பாருங்கள். மாற்றமே செய்யாத 105 பிஎஸ் போலோகூட அங்கே எவ்வளவு கற்றுத்தருகிறது என்று புரியும்.

வேறு மாநில விலையைப் பார்த்து மயங்குவது

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் நீதிமன்றத் தடைகள் வந்ததிலிருந்து, அந்த வயதை நெருங்கும் வண்டிகள் தெற்கே இறங்கிவருகின்றன. விலை ஆசை காட்டும். இங்கே மறுபதிவு செய்ய என்ஓசி, தமிழ்நாட்டுச் சாலை வரி, அலைச்சல் எல்லாம் சேர்த்தால் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி போய்விடும். பாண்டிச்சேரி பிஒய் நம்பர் வண்டிகளுக்கும் இதே கதைதான். 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

சென்னை வண்டியென்றால் தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கியவை எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கறை அங்கே கோடாக நிற்கும். சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், உள்ளே தூக்கலான சென்ட் வாசனை மூன்றில் ஒன்று இருந்தாலும் நான் நகர்ந்துவிடுவேன். கம்ப்யூட்டரும் சென்சாரும் நிறைந்த வண்டியில் தண்ணீர் புகுந்தால் குறை ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில் வெளிவரும்.

யார் சரிசெய்வார் என்று கேட்காமல் வாங்குவது

அபார்த் புன்டோ 145 குதிரை சக்தியோடு பத்து லட்சத்துக்குள் வந்த அருமையான கார். அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்களுக்கு மறக்காது. ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. எஞ்ஜின் பாகம் தேடிப்பிடிக்கலாம், பம்பரும் ஹெட்லைட்டும் கண்ணாடியும்தான் மாதக்கணக்கில் காக்கவைக்கும். வீட்டில் இரண்டாவது வண்டி இருந்தால் ஃபியட் வாங்குங்கள். தினமும் ஆபீஸ் போக இதை மட்டுமே நம்பியிருந்தால் வேண்டாம்.

உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் அந்த மாடலைக் கழற்றி மாட்டிய மெக்கானிக் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வண்டியைத் தேடுவது அப்புறம். அவருக்குத் தெரிந்தவரிடமே நல்ல வண்டி இருப்பதும் உண்டு.

இதையெல்லாம் வைத்து என்னிடம் கேட்டால், சின்ன பட்ஜெட்டுக்கு நான் சொல்வது சின்ன எஞ்ஜின், மேனுவல் கியர்: 2020 முதல் வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ, 110 பிஎஸ், ஆறு கியர் மேனுவல். அல்லது 102 பிஎஸ் தரும் பலேனோ ஆர்எஸ், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பக்கத்தில் மாருதி சர்வீஸ். களைத்துப்போன 180 பிஎஸ் ஆக்டேவியாவைவிட ஆரோக்கியமான போலோ கொல்லிமலை வளைவுகளில் அதிக சந்தோஷம் தரும் என்று மனதார நம்புகிறேன்.

பேப்பரும் முதல் வாரமும்

எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி, செலான் எல்லாம் பாருங்கள். லோன் இருந்தால் லோன் முடிந்தது என்று வங்கி கையெழுத்திட்ட ஃபார்ம் 35 வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, ஆர்சியை உங்கள் பெயருக்கு உடனே மாற்றுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் கிளைம் கிடைக்காமல் போகலாம். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும், பழைய ஓனர் போன மாதம்தான் சர்வீஸ் செய்தேன் என்று சொல்லியிருந்தாலும், எஞ்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஃபுளூயிட், ஸ்பார்க் பிளக், எல்லா ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டிஎஸ்ஐ என்றால் மேனுவலில் போட்டிருக்கும் அப்ரூவல் நம்பர் உள்ள ஆயில் மட்டும். பங்க்கில் கிடைக்கும் ஏதோ ஒன்று டர்போவுக்கு ஆகாது. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லை அதிலேயே பின் செய்து வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.