முதல் தடவை ராக்கு சூளைக்குப் போறவங்களுக்கு

இன்ஸ்டால பாத்திருப்பீங்க, செக்கச்செவேல்னு தகதகக்கிற ஜாடிய நீள இடுக்கியால தூக்கி மரத்தூள் போட்ட டிரம்முக்குள்ள வைப்பாங்க, குப்புன்னு தீ எழும்பும், மூடியப் போட்டதும் ஒரே புகை. அதான் ராக்குங்கிற மண்பாண்டம் சுடுற முறை. ஆரம்பம் 16ஆம் நூற்றாண்டு கியோட்டோ, சென் நோ ரிக்யூங்கிற தேநீர் ஆசானுக்காக சோஜிரோங்கிற குயவர் செஞ்ச கிண்ணங்கள். ஆனா இந்த மரத்தூள், புகை சமாச்சாரமெல்லாம் 1960 வாக்குல அமெரிக்கால பால் சோல்ட்னர்ங்கிற குயவர் ஆரம்பிச்சு வச்சது, இப்ப ஒர்க்‌ஷாப்கள்ல நடக்கிறது பெரும்பாலும் அந்த வழிதான்.

மொதல்ல டிரெஸ். முழுக்கை காட்டன் சட்டை, ஜீன்ஸ், மூடின ஷூ. பாலியஸ்டர், நைலான் வேண்டவே வேண்டாம், தீப்பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். துப்பட்டாவ வீட்டுலயே வச்சிட்டு வாங்க, முடிய இறுக்கி கட்டிக்கோங்க. ஆஸ்துமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்டெப் 1: சரியான மண். சுட்ட மண் துகள் (grog) கலந்த களிமண்ல செஞ்சு, ஒரு தடவை பிஸ்க் சூடு (கிளேஸ் பூசுறதுக்கு முன்னாடி போடுற முதல் சூடு) போட்டது தான் வேணும். சூளைலருந்து நேரா வெளிக்காத்துக்கு வர்ற அதிர்ச்சிய சாதா மண் தாங்காது. சுவர் ஒரு பக்கம் தடிமனா ஒரு பக்கம் மெல்லிசா இருந்தாலும் விரிசல் தான், கைப்பிடி ஒட்டின இடமும் அப்படித்தான்.

ஸ்டெப் 2: கிளேஸ், அதாவது சுட்டா உருகி கண்ணாடி மாதிரி ஆகுற பூச்சு. அடிப்பாகத்துல பூசக்கூடாது, சூளைத் தட்டுல ஒட்டிக்கும். முதல் தடவைக்கு வெள்ளை கிராக்கிள் கிளேஸ (மெல்லிசா விரிசல் விடுற வகை) எடுங்கன்னு தான் சொல்வேன், எல்லாரும் காப்பர் கிளேஸ் பின்னாடி ஓடுவாங்க, அது அன்னைக்கு மூடுக்கு ஏத்த மாதிரி தான் வரும். கிளேஸ் நல்லா காயணும். உள்ள ஈரம் இருந்தா ஆவியாகி வெடிக்கும், அதனால சூளைக்குப் பக்கத்துல வச்சு சூடு காட்டிட்டு தான் உள்ள வைப்பாங்க.

ஸ்டெப் 3: ஒத்திகை. இத யாரும் சீரியஸா எடுக்க மாட்டேங்கிறாங்க, எனக்குக் கேட்டா இதான் முக்கியம். ஜாடி சூளைய விட்டு டிரம்முக்குப் போற அந்த சில நொடில தான் எல்லாம் தீர்மானமாகுது, அப்ப நின்னு யோசிக்க நேரமே இருக்காது. அதனால சூளை பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே ஆறின ஜாடிய இடுக்கில புடிச்சு நடந்து பாருங்க, சூளை மூடி யார் தூக்குறது, டிரம் மூடி யார் கைல, நீங்க எந்தப் பக்கமா திரும்பணும், காத்து எங்கருந்து அடிக்குது எல்லாத்தையும் பேசி வச்சுக்கோங்க. வழில வாளி, வயர், வேடிக்கை பாக்குறவங்க எதுவும் இருக்கக்கூடாது.

ஸ்டெப் 4: சுடுறது. கேஸ் பர்னர் வச்சு 1000 டிகிரி செல்சியஸ் வாக்குல கொண்டு போவாங்க. 573 டிகிரி கிட்ட மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் சட்டுன்னு விரியும், அதனால ஆரம்பத்துல அவசரப்படக்கூடாது. ஓட்டை வழியா பாத்தா கிளேஸ் வெல்லப்பாகு மாதிரி கொப்புளிக்கும், கொப்புளம் அடங்கி வழவழன்னு மினுங்கினா ரெடி. பாக்கும்போது அதுக்கான கண்ணாடி போட்டுக்கோங்க.

ஸ்டெப் 5: எடுக்கிறது. கேஸ ஆஃப் பண்ணின பிறகு தான் மூடி திறக்கணும். தோல் கிளவுஸ், முகத்த முழுசா மறைக்கிற கவசம் போட்டு, ஜாடியோட உறுதியான இடத்துல புடிங்க, நசுக்காதீங்க. கிராக்கிள் கிளேஸ்னா கொஞ்ச நொடி காத்துல காட்டுங்க, டிங் டிங்னு சத்தம் கேக்கும், அந்த விரிசல்ல தான் அப்புறம் கரி ஏறி கறுப்புக் கோடாகும். காப்பர்னா நிக்காம நேரா மரத்தூள் டிரம்முக்கு. தீ புடிச்சதும் மேல கொஞ்சம் தூள் போட்டு மூடியை அழுத்தி மூடுங்க. காத்து இல்லாம போகும்போது புகை கிளேஸ் பூசாத மண்ண கறுப்பாக்கும், காப்பர்ல இருக்கிற ஆக்சிஜன இழுத்து உலோகப் பளபளப்பு குடுக்கும். ஆசைப்பட்டு நடுவுல திறந்தீங்கன்னா காத்து பட்டு காப்பர் பச்சையா மாறும், சில பேர் வேணும்னே அப்படி செய்வாங்க. தூள் திரும்பத் தீயும் புடிக்கலாம், குனிஞ்சு எட்டிப் பாக்காதீங்க.

ஒரு இருபது நிமிஷம் போல விட்டு எடுத்து, நல்லா ஆறின பிறகு ஸ்டீல் நாரால கரிய தேய்ச்சுக் கழுவுங்க, அதுக்கு முன்னாடி பாத்தா அழுக்கு உருண்டை மாதிரி தான் இருக்கும், மனசு விட்டுடாதீங்க. சாப்பாடு, காபி எதுக்கும் யூஸ் பண்ண வேண்டாம், தண்ணி ஊத்தினாலே கசியும். ஷோகேஸ்ல வைங்க. காப்பர் கலர் நாளாக ஆக மங்கும், அதனால வெயில், ஈரம் படாத இடமா பாத்துக்கோங்க.