மறதிக்கு ஸ்கேன் எடுக்கும் முன் இரண்டு ரத்தப் பரிசோதனை

ஓய்வு பெறும் வயதில் மறதி கூடுகிறதே என்று பயம் வந்தால், எடுத்த எடுப்பில் மூளை ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். முதலில் வைட்டமின் பி12, டிஎஸ்எச் (தைராய்டு சோதனை) இரண்டையும் ரத்தத்தில் பாருங்கள். கூடவே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பி12 குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் மறதி வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மருந்திலேயே தேறலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, அசிடிட்டிக்குப் பான்டபிரசோலோ வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் பி12 குறையும் வாய்ப்பு அதிகம். ஒரு மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. 200–300 இரண்டுங்கெட்டான் நிலை, அதையும் டாக்டரிடம் கேளுங்கள். குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும் வயதானவர்களுக்கு மந்தத்தைத் தரும். ஆனால் தூக்க மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

பி12 ஊசி போட்ட பிறகு சோதித்தால் அளவு ஏறிக் காட்டி ஏமாற்றும். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள் சோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தைராய்டு முடிவு தவறாக வரலாம்.

பழகிய தெருவிலேயே வழி தவறுவது, பணக் கணக்கில் தொடர்ந்து குழம்புவது, குணமே மாறுவது என்றால் நேராக நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். தலையில் அடிபட்ட சில வாரங்களில் குழப்பம் வந்தால் ஸ்கேன்தான் முதலில். திடீரென்று பேச்சு குளறினால் உடனே 108.