படகில் ஹாரன் இருந்தால் மட்டும் போதுமா?

‘நம்ம படகு சின்னது, நமக்கெதுக்கு ஹாரன்?’ என்று கேட்பவர்கள் நிறைய. 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகள் 12 மீட்டர் நீளத்துக்குக் குறைந்த படகுகளுக்குத் தருவது பாதி விலக்குதான். விதிகள் சொல்லும் அளவிலான ஹாரன் கட்டாயமில்லை; ஆனால் நன்றாகக் கேட்கும்படி ஒலி எழுப்ப ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஃபைபர் படகில் கேஸ் குப்பி ஹாரன் வைத்தால் போதும். கூடவே வாயால் ஊதும் விசிலும் இருக்கட்டும், குப்பி தீர்ந்துபோகும் நேரம் யாருக்கும் தெரியாது.

12 மீட்டரிலிருந்து முறையான ஹாரன். 20 மீட்டரைத் தொட்டால் மணியும் சேரும். பூஜை மணியைத் தொங்கவிட்டு ஒப்பேற்ற முடியாது. மணியின் வாய் 300 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். 20 மீட்டருக்கு உட்பட்ட படகின் ஹாரன் அரைக் கடல் மைலுக்கும், அதற்கு மேற்பட்டது ஒரு கடல் மைலுக்கும் கேட்க வேண்டும். பைக் ஹாரனை எடுத்து மாட்டினால் அது பக்கத்துப் படகுக்கே கேட்காது. நல்ல ஹாரனையும் கேபினுக்குப் பின்னால் தாழ்வாக மாட்டிக் கெடுப்பவர்கள் உண்டு. முடிந்த அளவு உயரத்தில், முன்னால் எதுவும் மறைக்காதபடி மாட்டுங்கள். உப்புக்காற்றில் ஒயர் முனைகள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கரையிலேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

பெரிய தவறு நடப்பது ஹாரனை அடிக்கும் விதத்தில்தான். எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் ஹாரன் அடிக்க ஒரு முறை உண்டு. மூடுபனி மட்டுமில்லை, கண் மறைக்கும் மழையும் இதில் அடக்கம்; பகல், இரவு பேதம் கிடையாது. வலை இறக்கியிருக்கும் விசைப்படகு நீளமாக ஒருமுறை மட்டும் அடித்தால், சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் விசைக்கலம் என்றுதான் எதிரே வரும் கப்பல் எடுத்துக்கொள்ளும். மடி (இழுவலை) இழுக்கும் படகால் சட்டென்று திரும்ப முடியாது என்பதை அதற்குச் சொல்வது ஒரு நீளம், இரண்டு குட்டை. நீளம் என்றால் நான்கிலிருந்து ஆறு வினாடி, குட்டை என்றால் ஒரு வினாடி. இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. நங்கூரம் போட்டு மீன் பிடித்தாலும் இதே ஒலிதான். வலையை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பும்போதுதான் அந்த ஒற்றை நீளம்.

தெரிந்த படகைக் கண்டதும் ‘பீப்’ என்று ஒரு குட்டை அடிப்பது நம்மூர்ப் பழக்கம். கடலில் அதற்கு ‘நான் வலப்பக்கம் திரும்புகிறேன்’ என்று அர்த்தம். இரண்டு அடித்தால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சின் ரிவர்ஸில் ஓடுகிறது. அதனால் வணக்கம் சொல்லக் கையை அசைத்தால் போதும். மூடுபனி ஹாரனை விடாமல் அலறவிடுவது ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்கும் ஒலி, திருவிழா உற்சாகத்துக்கானதில்லை.

அப்புறம், காது. மூட்டத்தில் அணியப் பக்கமிருந்து, அதாவது படகின் முன்பக்கமிருந்து, இன்னொரு ஹாரன் கேட்டால் பதிலுக்கு அடித்துக்கொண்டே அதே வேகத்தில் போகாதீர்கள். சுக்கானுக்குப் படகு கட்டுப்படும் அளவுக்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் முழுவதுமாக நிறுத்துங்கள்.